கண் காகிதத்தில், கை கீபோர்டில்

பதுளை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் டைப் செட்டிங், போட்டோ கொப்பி, லெமினேட்டிங் என்று போர்ட் மாட்டிய சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கச்சேரிக்கும் லேபர் ஒபிசுக்கும் வருகிற பலர் இந்தக் கடைகளில் ஏறி இறங்கித்தான் போவார்கள். சிலர் கையால் எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து டைப் பண்ணித் தரச் சொல்வார்கள். சிலர் வாயால் சொல்ல, நாங்களே எழுதி அடிக்க வேண்டும். அப்படியொரு கடையில்தான் நான் தொழில் பழகினேன். 2022 தொடக்கத்தில் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலம் அது. கடையை நடத்துகிற அக்கா டைப்ரைட்டரில் பழகி, பிறகு கொம்பியூட்டருக்கு வந்தவர். அவரிடம் நான் கற்றதில் பெரும்பங்கு கீபோர்ட் ஷோர்ட்கட்டுகள். அழுத்தக் கற்றது பாதி, அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லவும் எழுதிக் காட்டவும் கற்றது மீதி.

எங்கள் கடைக்கு வருகிற வேலைகளில் அதிகம் பெயர் சம்பந்தப்பட்டவை. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெறுகிற ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதிதான் கடைசிக் கைமுதல். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி வந்த நிதி அது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதை எடுக்கலாம். எடுக்கப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாயி, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ராமாய். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி அடிக்க வேண்டும், சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்க வேண்டும், கிராம சேவகரின் கடிதம் வேண்டும். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது; அந்தக் கணக்கின் மிச்சம் 2003 இல் வந்த சட்டம் வரை இழுபட்டது. அத்தனை காலம் காகிதத்துக்காக அலைந்த சனம், டைப் பண்ணுகிற இடத்தில் ஒரு எழுத்து பிசகி மறுபடி அலையக் கூடாது. அக்கா இதை எனக்குப் பிரசங்கம் பண்ணியதில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்த பிறகு, பேனை முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டு வாசிப்பார். அதைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன்.

முதல் பாடம் கொன்ட்ரோலைப் பிடித்து எஸ், அதாவது அடித்ததைச் சேமிப்பது. நான் பழகத் தொடங்கிய 2022 மின்வெட்டுக் காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிற்பாட்டினார்கள். மின்வெட்டு இல்லாத நாளிலும் ஊவாவில் ஏப்ரல் மாதமும் ஐப்பசி கார்த்திகையும் பின்னேரமானால் இடியும் மின்னலும்தான். பந்தி முடிந்தால் எஸ், ஆள் வந்து பேச்சுக் கொடுத்தால் எஸ், மலைப்பக்கம் இருட்டினால் எஸ். இப்போது என் இடது கைச் சுண்டுவிரல் யோசிக்காமலே கொன்ட்ரோலுக்குப் போகிறது.

இரண்டாவது பாடம்தான் தொழிலின் ஆணிவேர். மவுஸை என் கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தார். "தங்கச்சி, மவுஸ் தொட்டா கண்ணு ஸ்க்ரீனுக்குப் போகும். திரும்பி வரும்போது பேப்பர்ல எந்த வரியில விட்டோம்னு தேடணும். அங்கதான் பிழை வரும்" என்றார். பார்த்து அடிக்கிற தொழிலில் இது பெரிய உண்மை. ஒரு கடிதத்தில் 'மேற்படி' என்ற சொல் நாலு வரியில் வரும். கண் திரைக்குப் போய்த் திரும்புகையில் இரண்டாவது 'மேற்படி'க்குப் பதிலாக மூன்றாவதில் இறங்கினால், இடையில் உள்ள முழு வரியும் விடுபட்டுப் போகும். வாசித்தால் வசனம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரியில்தான் அங்கத்துவ இலக்கம் இருந்திருக்கும்.

ஷோர்ட்கட் என்றால் வேகம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். அக்காவுக்கு வேகம் பின்னால் வருகிற லாபம். கண்ணைக் காகிதத்திலேயே வைத்திருக்க உதவுவதால்தான் அவருக்கு ஷோர்ட்கட் முக்கியம். எங்கள் அம்மா மலையில் கொழுந்து பறிக்கும்போது கை இந்தச் செடியில் இருக்கும், கண் அடுத்த செடியில் எந்தக் கொழுந்து முற்றியது, எது பிஞ்சு என்று பார்த்துக்கொண்டிருக்கும். கையும் கண்ணும் தனித்தனியாக வேலை பார்க்கிற அந்தப் பழக்கம்தான் டைப் மேசையிலும் வேண்டும். ஹோம் தட்டினால் வரியின் தொடக்கம், எண்ட் தட்டினால் வரியின் முடிவு. ஷிஃப்டைப் பிடித்து எண்ட் தட்டினால் கர்சர் நிற்கிற இடத்திலிருந்து வரி முடியும் வரை தெரிவாகிவிடும். இந்த மூன்றும் கைக்கு வந்தாலே பாதி வேலைக்கு மவுஸ் தேவைப்படாது.

கண் காகிதத்தில் நிற்கும்போது காகிதத்தில் உள்ள பிழையும் பிடிபடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரியை எந்த வருஷமும் 29 நாளாகவே கணக்கெடுப்பார்கள். ஆகவே 1965 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 65561 என்றுதான் தொடங்க வேண்டும். கொண்டுவந்த கடிதத்தில் 65651 என்று எழுதியிருந்தால், அடிக்க முதலே "பாட்டி, ஐடென்டி கார்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டுவிடலாம். 2016 இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருஷம் மட்டும் நாலு இலக்கமாக இருக்கும். சரிபார்த்த இலக்கத்தை மறுபடி கையால் அடிப்பதில்லை. ஒருமுறை அடித்து, ஒப்பிட்டு, பிறகு கொன்ட்ரோல்-சி, கொன்ட்ரோல்-வி. சரியான ஒன்றிலிருந்து எடுத்த கொப்பி எல்லாம் சரியாகவே இருக்கும்.

பாமினியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் தொழிலைச் சொல்ல முடியாது. இலங்கையில் தமிழ் டைப் செட்டிங் கடைகளில் நெடுங்காலமாக ஓடுகிற எழுத்துரு அது. நடு வரிசையில் இடமிருந்து ய, ள, ன, க, ப, அரவு, த, ம, ட, புள்ளி. டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு இந்த வரிசை தண்ணீர் பட்ட பாடு. தமிழுக்கு முதலில் டைப்ரைட்டர் அமைத்தவர் என்று சொல்லப்படுகிற ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போனவர். அந்த வழியில் வந்த விரல் பழக்கத்தோடுதான் அக்காவும் கொம்பியூட்டருக்கு மாறினார். எஃப், ஜே கீகளில் உள்ள சின்ன மேட்டில் இரண்டு ஆள்காட்டி விரலும் உட்கார்ந்தால், இடது விரல் 'க'வில், வலது விரல் 'த'வில்.

பாமினியில் சிக்கல் என்னவென்றால், நாம் தமிழ் அடிப்பது கொம்பியூட்டருக்குத் தெரியாது. அதற்கு அது இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இதனால் மற்றவர்களுக்குச் சாதுவாக இருக்கிற ஷோர்ட்கட் எங்களுக்கு வில்லங்கமாகும். வேர்டில் எழுத்துக்களைத் தெரிவு செய்து கொன்ட்ரோலைப் பிடித்து ஸ்பேஸ் தட்டினால், மேலே போட்ட அலங்காரங்கள் நீங்கி எழுத்துப் பழைய நிலைக்குப் போகும். பாமினிக் கடிதத்தில் நீங்குவது அந்தப் போர்வையே. முழுக் கடிதமும் இங்கிலீஷ் எழுத்துச் சிதறலாக நிற்கும். கடிதம் அழிந்துவிட்டது என்று வாடிக்கையாளர் பதறுவார். கொன்ட்ரோல்-இசட் போதும், திரும்பி வந்துவிடும். அதுவும் கைகொடுக்காவிட்டால் கொன்ட்ரோல்-ஏ பிடித்து எல்லாவற்றையும் தெரிவு செய்து, கொன்ட்ரோல்-டி (D) அழுத்தி வருகிற பெட்டியில் எழுத்துருவின் பெயரை அடித்து எண்டர்.

வேர்டின் தானியங்கித் திருத்தம் இன்னொரு வில்லங்கம். வசனத்தின் முதலெழுத்தை அது பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. ஆகவே வரி தொடக்கத்தில் அடித்த 'தம்பி' கண் முன்னாலேயே 'தும்பி' ஆகிவிடும். 'மகள்' 'முகள்' ஆகும். அடித்தவர் கண் காகிதத்தில் இருப்பதால் இது தெரியாமல் போகலாம். அதனால் கடையின் ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் முதல் வேலையாக அந்தத் திருத்தத்தை நிறுத்தி வைக்கிறோம். ஆல்ட், எஃப், டி (T) என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் அமைப்புப் பெட்டி வரும், அதில் சரிபார்ப்புப் பகுதிக்குள் இருக்கிறது. கெப்ஸ் லொக் கீயையும் நாங்கள் தொடுவதில்லை. அது விழுந்திருந்தால் 'க' எல்லாம் 'கு', 'ம' எல்லாம் 'மு'.

தேடுவதிலும் இந்த வினை உண்டு. பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கச் சொல்லும் கட்டத்தில் சரி போடாமல் பாமினியில் தேடினால், 'மகன்' என்று கேட்டதற்கு 'முகன்' என்று இருக்கிற இடத்திலும் போய் நிற்கும். கொன்ட்ரோலைப் பிடித்து வலது அம்புக்குறியைத் தட்டினால் சொல் சொல்லாகத் தாவ வேண்டும். பாமினியில் ஒவ்வொரு புள்ளியிலும் முட்டி முட்டி நிற்கும், உள்ளே இருப்பது அரைப்புள்ளி என்பதால். யுனிகோட் தமிழில் இந்தத் தொல்லைகள் இல்லை. அதில் 'தமிழ்' உள்ளேயும் தமிழ்தான். முழுச் சொல்லையும் ஒரே தாவலில் கடக்கலாம். அதிலும் அறிய வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. 'கொ' என்ற எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் கொம்பும் அரவும் மட்டும் போய் 'க' மிஞ்சும். முன்னால் நின்று டிலீட் தட்டினால் முழு எழுத்தும் போகும். உயிர்க்குறியை மட்டும் மாற்ற வேண்டுமானால் பேக்ஸ்பேஸ். பெயர் திருத்துகிற தொழிலில் தினமும் இதற்கு வேலை இருக்கிறது. பாமினி, யுனிகோட் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மாறி மாறி அடிக்கிற கடையில் விண்டோஸ் கீயைப் பிடித்து ஸ்பேஸ் தட்டி மொழி மாற்றுவது மூச்சு விடுவது மாதிரி நடக்க வேண்டியிருக்கிறது.

கொன்ட்ரோல்-எச் பற்றி அக்கா தனியாக உட்கார வைத்துச் சொன்னார். ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றாக மாற்றுகிற கட்டளை அது. ஒரு சத்தியக் கடதாசியில் 'ராமாயி' என்று வருகிற இடமெல்லாம் 'இராமாயி' ஆக வேண்டும். அவசரத்தில் 'ராம' என்பதை மட்டும் கொடுத்து 'இராம' என்று எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், கடதாசியில் உள்ள 'கிராம சேவகர்' எல்லாரும் 'கிஇராம சேவகர்' ஆகிவிடுவார்கள். முழுச்சொல்லாகத் தேடும் வசதி இங்கிலீஷுக்குப் பொருந்தும். தமிழில் 'ராமாயியின்', 'ராமாயிக்கு', 'ராமாயியை' என்று வேற்றுமை ஒட்டி வருவதால் அந்த வழி பாதியைத் தவறவிடும். ஆகவே எங்கள் கடையின் விதி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது. பெட்டி திறந்திருக்கும்போது ஆல்டைப் பிடித்து எஃப் தட்டினால் அடுத்த இடம், ஆல்டைப் பிடித்து ஆர் தட்டினால் அந்த ஒன்று மட்டும் மாறும். ஆல்ட்-ஏ எல்லாவற்றையும் மாற்றிவிடும், அதைப் பெயர் சம்பந்தப்பட்ட காகிதத்தில் அழுத்துவதில்லை.

கொப்பிக்குச் சி, ஒட்டுவதற்கு வி, வெட்டுவதற்கு எக்ஸ், செய்ததைத் திருப்ப இசட் என்ற இந்த நாலும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஸீரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் லெரி டெஸ்லரும் டிம் மொட்டும் 'ஜிப்ஸி' என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். வெட்டுவது, கொப்பி பண்ணுவது, ஒட்டுவது என்ற முறை அதில்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பிறகு டெஸ்லர் அப்பிளுக்குப் போனார். 1983 இல் வந்த அப்பிளின் லீசா கொம்பியூட்டரில் அந்த நாலு எழுத்தும் கீழ் வரிசையில் பக்கம் பக்கமாக வேலை செய்தன. டெஸ்லர் 2020 இல் காலமானார். ஒரு கீ ஒரு நேரம் எழுத்தாகவும் இன்னொரு நேரம் கட்டளையாகவும் மாறி ஆளைக் குழப்பக் கூடாது என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கொள்கை. பிடித்திருக்கும் வரை கட்டளை, விட்டால் பழையபடி எழுத்து என்கிற ஏற்பாடு எவ்வளவு நியாயமானது என்பது, விழுந்து கிடக்கும் கெப்ஸ் லொக்கால் கெட்ட பாமினிக் கடிதத்தைப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

அந்த 'பிடித்தல்' என்பதில்தான் சொல்லிக் கொடுக்கிற கலை தொடங்குகிறது. புத்தகங்களில் கொன்ட்ரோல், ஒரு கூட்டல் குறி, சி என்று அச்சிட்டிருக்கும். முதன்முறை பார்க்கிறவர் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தப் பார்ப்பார். சி பெரிய எழுத்தில் இருப்பதால் ஷிஃப்டையும் பிடிப்பார். இரண்டையும் ஒரே நொடியில் அழுத்த முயன்று, சி முந்திக்கொண்டு திரையில் எழுத்தாக விழும். அக்கா சொல்கிற முறை வேறு. "கொன்ட்ரோலைப் புடிச்சிட்டே இரு. விட்டுறாத. இப்ப சியை ஒருதரம் தட்டு. இப்ப ரெண்டையும் விடு." பிடி, தட்டு, விடு என்று மூன்று வினை. ஒன்றாக அழுத்துவது என்ற சொல்லையே அவர் பாவிப்பதில்லை. ஆல்ட், எஃப், டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவதற்கு "பிடிக்காதே, தட்டி விடு, தட்டி விடு" என்பார்.

தமிழில் சொல்லும்போது இன்னொரு கவனம் வேண்டும். எங்கள் வாயில் அச்செடுக்கிறதும் 'பி', எழுத்தைத் தடிப்பாக்குகிறதும் 'பி'. ஆகவே "பிரிண்ட் பி", "போல்ட் பி" என்று பெயர் சேர்த்தே சொல்ல வேண்டும். 'டி'யும் அப்படியே D, T என்று இரண்டு. எந்தச் செயலி என்பதையும் முதலில் சொல்ல வேண்டும். கொன்ட்ரோலைப் பிடித்து டி (D) தட்டினால் வேர்டில் எழுத்துருப் பெட்டி திறக்கும், எக்செல்லில் மேல் கட்டத்தில் உள்ளது கீழே இறங்கும்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், வகுப்பின் புள்ளிப்பட்டியலை எக்செல்லில் போட்டுக்கொண்டு போனில் அழைத்தார். மொத்தம் கூட்ட வேண்டும், மவுஸ் பழுது. அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். "சேர், இப்ப எக்செல்தானே திறந்திருக்கு? முதல் பிள்ளையின்ட கடைசிப் புள்ளிக்கு அடுத்து வெறும் கட்டம் இருக்கும். அம்புக்குறியால அங்க போங்க. போயிட்டீங்களா? ஸ்பேஸுக்குப் பக்கத்தில ஆல்ட் இருக்கு, இடது கையால அதப் புடிச்சிட்டே இருங்க. வலது கையால சமன் குறியை ஒருதரம் தட்டுங்க. விடுங்க. கட்டத்தில என்ன தெரியுது?" அவர் வாசித்துக் காட்டினார். சூத்திரம் வந்திருந்தது. "இப்ப எண்டர்." மொத்தம் வந்துவிட்டது. மேல் அம்புக்குறியால் அந்தக் கட்டத்துக்குத் திரும்பி, அங்கிருந்து கடைசிப் பிள்ளை வரை ஷிஃப்டைப் பிடித்துக் கீழ் அம்புக்குறியால் தெரிவு செய்து, கொன்ட்ரோல்-டி. முழு வகுப்புக்கும் மொத்தம் இறங்கியது. எதிரில் திரை இல்லாமல் சொல்லும்போது, கர்சர் எங்கே நிற்கிறது என்று கேட்காமல் அடுத்த அடி வைக்க முடியாது என்பதை அன்றுதான் முழுசாக உணர்ந்தேன். பார்வை இல்லாதவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானோடு கொம்பியூட்டர் பாவிக்கிறார்கள். அவர்களுக்குக் கீபோர்ட்தான் முதன்மை வழி. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் சொல்லில் ஒரு படி விடுபட்டால், அவர்கள் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இப்போது கடைக்குப் பழக வருகிற பிள்ளைகளுக்கு நானும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஷோர்ட்கட்டையும் ஒரு அட்டையில் தமிழில் எழுதச் சொல்கிறேன். எந்தச் செயலி, கர்சர் எங்கே நிற்க வேண்டும், எதைப் பிடிப்பது, எதைத் தட்டுவது, திரையில் என்ன மாறும், பிழைத்தால் எப்படித் திரும்புவது. இந்த ஆறும் இருந்தால்தான் அட்டை முழுமை. எழுதியதைப் பக்கத்துப் பிள்ளை வாசிக்க, இன்னொருவர் கீபோர்டைப் பாராமல் செய்து பார்க்க வேண்டும். கை தடுமாறுகிற இடத்தில் எழுத்தில் குறை இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும்.

தோட்டப் பாடசாலைகளுக்குக் கொம்பியூட்டர்கள் வருகின்றன. ஊர்களில் அறிவகம் என்ற பெயரில் கொம்பியூட்டர் நிலையங்கள் திறந்தார்கள். அங்கே படம் வரையவும் விளையாடவும் பழகுவதோடு இதையும் பழக்க வேண்டும் என்பது என் விருப்பம். தொடங்குவதற்கு எஸ், சி, வி, இசட், ஹோம், எண்ட் என்ற ஆறு போதும். பெயரையும் இலக்கத்தையும் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தால், சேமலாப நிதிக்குப் போகிற பாட்டிமார் பலருக்கு இரண்டாவது தடவை பதுளைக்குப் பஸ் ஏற வேண்டி வராது.